குண்டூசி டாக்டரும் அண்ணன் வைத்த மையும்

நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போகிறார்கள் என்றால் அந்த வீட்டில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்பார்கள் எங்கள் சொந்தக்காரர்கள். எங்கள் வீட்டுக் கோளாறு என் அண்ணன்தான்.

மூன்று பேருமே டாக்டர்கள். அண்ணன் கடைத்தெருவில், கண்ணாடிக் கடைக்கு மாடியில், சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். காமிரா வைத்த குழாயை உள்ளே விட்டு வயிறு, குடல் எல்லாம் பார்த்துச் சொல்வார். அண்ணி பெரிய ஆஸ்பத்திரியில் அதே மாதிரிக் குழாயை வைத்துக்கொண்டு உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் குடலிலும் வரும் புற்றை வெட்டி எடுப்பவர். நான் அதே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பவள். ஊரைத் தூங்க வைத்துவிட்டு விழித்துக்கொண்டிருப்பது என் பிழைப்பு. அண்ணி வேலை செய்யும்போதெல்லாம் நோயாளியின் தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். ஆகவே அவரைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ள ஆள் கிடையாது. கட்டிக்கொண்டவருக்குக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்குக் குண்டூசி டாக்டர் என்று பெயர். ஆளும் அப்படித்தான். ஒல்லி, குள்ளம், உச்சந்தலையில் இறுக்கி முடிந்த ஒரு கொண்டை. வாயைத் திறந்தால் குத்தும். ஆனால் பெயர் வந்த காரணம் அது இல்லை.

குடலின் சுவர் பல அடுக்காக இருக்கிறது. புற்று ஆரம்பத்தில் மேல் அடுக்கில்தான் உட்கார்ந்திருக்கும். அதற்கு அடியில் நீலச்சாயம் கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றினால் மேல் அடுக்கு கொப்புளம் போல உப்பி எழும்பும். அந்த நீலத்துக்குள் புகுந்து, குழாயின் நுனியில் இருக்கும் மயிரிழைக் கத்தியால், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே துண்டாக உரித்தெடுக்க வேண்டும். வெளியில் ஒரு கீறல் இருக்காது. எடுத்த துண்டோ வெளியே வந்ததும் சுருண்டுகொள்ளும். சுருண்டுவிட்டால் சோதித்துப் பார்ப்பவருக்கு ஓரம் எது நடு எது என்று தெரியாது. ஓரம் சுத்தமாக இருக்கிறதா, புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதில்தான் நோயாளியின் தலையெழுத்தே இருக்கிறது. அதனால் துண்டை ஒரு தெர்மாகோல் பலகையில் விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி அனுப்புவார்கள். மற்ற டாக்டர்கள் இதை யாரிடமாவது தள்ளிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அண்ணி யாரையும் தொட விடமாட்டார். நோயாளி கண் விழிப்பதற்குள் தானே குத்தி முடிப்பார். துணிக்கடைக்குப் போனால் மற்ற பெண்கள் புடவை பார்ப்பார்கள், இவர் புதுச் சட்டையில் குத்திய ஊசி துருப்பிடிக்குமா பிடிக்காதா என்று பார்ப்பார். எங்கள் வீட்டு சோபாவில் உட்காருமுன் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். அண்ணனுக்கு மட்டும் அந்தப் புத்தி இன்றுவரை வரவில்லை.

இந்த வித்தையைக் கற்கக் கடல் தாண்டிப் போனார். கைக்குழந்தையை அண்ணன் பார்த்துக்கொண்டார், அதை நான் மறைக்க மாட்டேன். அங்கே பன்றியின் இரைப்பையில் மாதக்கணக்கில் உரித்து உரித்துப் பழகிவிட்டு வந்தார். திரும்பி வந்து சேர்ந்த ஆஸ்பத்திரியில் நல்ல வரவேற்பு. முதல் நாளே நோயாளியைப் படுக்க வைக்கும் கட்டில் அவர் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. தாழ்த்தும் விசை கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது, அதுவரை அங்கே நின்ற நெட்டை ஆண்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அண்ணி ஒரு தச்சரிடம் சொல்லி அகலமான மரப்படி செய்து கொண்டுவந்து போட்டு அதன் மேல் ஏறி நின்றார்.

"என்னம்மா, மேடை போட்டுட்டீங்க. கச்சேரி எப்போ?" என்றார் பெரியவர்.

பெரியவர் என்பது தலைமை சர்ஜன். வயிற்றைத் திறந்து புற்றை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கெட்டவரும் இல்லை, வேறு இடங்களில் அரைகுறையாகக் கிளறிவிட்டு அனுப்பிய எத்தனையோ பேரைக் காப்பாற்றியவர். ஆனால் குழாய் வைத்து வேலை செய்பவர்களைச் சாவித்துவாரத்தில் எட்டிப் பார்ப்பவர்கள் என்றுதான் சொல்வார்.

"எட்டலன்னா ஏறி நிக்கிறது தப்பா சார்?" என்றார் அண்ணி. அந்தப் படி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது நீச்சல் டீச்சர் கதை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிற அம்மா அவர். கதவையே அடைக்கிற மாதிரித் தோள், குளத்தங்கரையில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல், கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில். மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்து நாளைக் கடத்திவிட்டு, கடைசியில் என் அண்ணனின் கிளினிக் மாடியேறினார். அண்ணன் குழாய் விட்டுப் பார்த்தார். மலக்குடலின் கடைசியில், வாசலை ஒட்டி, தட்டையாக ஒன்று. ஓரத்தில் சின்னத் துணுக்கு எடுத்து அனுப்பினார். ஆரம்பநிலைப் புற்று என்று பதில் வந்ததும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அதுவரைக்கும் எல்லாம் சரி, என் அண்ணன் கெட்டிக்காரர்தான்.

கூடவே ஒரு காரியம் செய்திருந்தார். புற்று இருக்கும் இடத்தை அடுத்த டாக்டர் தேடாமல் கண்டுபிடிக்கட்டும் என்று குடலில் கறுப்பு மை ஏற்றி அடையாளம் வைப்பது எங்கள் தொழிலில் உண்டு. நீளமான குடலில் நடுவில் எங்கோ இருந்தால் அது வேண்டியதுதான். அதையும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். இது விரலை விட்டாலே தட்டுப்படுகிற இடம். வாசலுக்குப் பக்கத்து அறைக்கு யாராவது வழிகாட்டிப் பலகை நடுவார்களா? என் அண்ணன் நட்டார். அதுவும் புற்றுக்கு நேர் அடியில் நட்டார். மை இறங்கிய இடத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் தழும்பாகிவிடும். நீலத் திரவம் ஏறாது, உப்பாது. எங்கே வெட்டுவது என்று தெரியாமல் எல்லாம் கறுப்பாக இருக்கும்.

புற்று நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் படங்களைத் திரையில் போட்டதுமே பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுல பேசுறதுக்கு என்ன இருக்கு? அடியோட எடுத்துட வேண்டியதுதான். ஆசனவாய மூடித் தைச்சுட்டு, வயித்துல பை."

பை என்றால் ஆயுசுக்கும் பை. வயிற்றில் ஒரு வாய் வைப்பார்கள், மலம் அதன் வழியாகப் பையில் வந்து சேரும். அதோடு நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், நீந்துகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டியிருந்தால் வைத்துத்தான் ஆக வேண்டும். வேண்டுமா என்பதுதான் கேள்வி.

"நான் முதல்ல உள்ள இருந்தே எடுத்துப் பாக்குறேன் சார்," என்றார் அண்ணி.

"ஒட்டிக் கெடக்கும்மா. ஓட்டை விழுந்தா யாரு பாக்குறது? நான்தான?"

"ஆமா சார். நீங்கதான். அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க. ஆனா கதவு இருக்கும்போது செவுத்த ஏன் சார் முதல்ல இடிக்கணும்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "எந்த முட்டாள் இந்த இடத்துல மை வச்சான்?"

அந்த அறையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், மீதிப் பேர் மேஜையைப் பார்த்தார்கள். அண்ணி எழுந்தே நின்றார். எழுந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, இருந்தாலும் நின்றார்.

"என் வீட்டுக்காரர் சார்."

"அப்படிச் சொல்லுங்க. புருஷன் மானத்தக் காப்பாத்தத்தான் இவ்வளவு துடிப்பா?"

கோபத்தில் எனக்குக் காது சூடேறிவிட்டது. அண்ணி நிதானமாகச் சொன்னார். "அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்றேன் சார். மை, யாரு வச்சது, நான் அவருக்கு என்ன உறவு, எல்லாம். அதுக்கப்புறம் அவங்க முடிவு பண்ணட்டும். பண்ணச் சொன்னாங்கன்னா நான் விடமாட்டேன்."

வீட்டில் அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணன் துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். "நாளைக்கு என் ரூமுக்கு வந்து அவங்ககிட்ட நீங்களே சொல்றீங்க."

"நல்லது நெனச்சுத்தான வச்சேன்," என்றார் அண்ணன்.

"நல்லது நெனச்சதையும் சேத்துச் சொல்லுங்க."

"அவங்க என் சட்டையப் பிடிச்சா?"

"இஸ்திரி போட்ட சட்டையாப் போட்டுட்டு வாங்க," என்றேன் நான். அந்த நேரத்தில் எனக்குக் கூடப் பிறந்த பாசமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

மறுநாள் அண்ணியின் அறையில் நீச்சல் டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சொன்னார். ஆரம்பித்தபோது வார்த்தை தடுமாறியது, நடுவில் குரல் உடைந்தது, ஆனால் எதையும் விடாமல் சொன்னார். தேவையில்லாத இடத்தில் மை வைத்தேன், அதனால் இவர் வேலை கஷ்டமாகிவிட்டது, இவர் என் மனைவி. அந்த அம்மா விசிலை உருட்டிக்கொண்டே கேட்டார். அண்ணன் முகத்தை அவர் பார்த்த பார்வையில் நானாக இருந்தால் சுருண்டிருப்பேன். அப்புறம் அண்ணி பக்கம் திரும்பினார்.

"இந்த மாதிரி மை வச்சு ஒட்டிப்போனத நீங்க எடுத்திருக்கீங்களா?"

"ரெண்டு பேருக்குப் பண்ணியிருக்கேன். ஒருத்தருக்கு முழுசா வந்துச்சு. இன்னொருத்தருக்குப் பாதியில நிறுத்திட்டு ஆபரேஷனுக்கு அனுப்பினேன்."

"ஏன் நிறுத்தினீங்க?"

"கீழ சதைக்குள்ள இறங்கியிருந்துச்சு. அதுக்கு மேல நான் வெட்டினா அவருக்குக் கெடுதல். எனக்கு வீம்பு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதை உங்க உடம்புல காட்டமாட்டேன். நான் முழுசா எடுத்தாலும் ரிசல்ட்ல ஆழம்னு வந்தா பெரியவர்கிட்டதான் போகணும். அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

டீச்சர் விசிலைக் கையிலிருந்து விட்டார். "ஆழத்துக்குப் போகத் தெரிஞ்சவங்கள நான் நம்பமாட்டேன்," என்றார். "திரும்பி வரத் தெரிஞ்சவங்களத்தான் ஆழத்துக்கு அனுப்புவேன். நீங்க பண்ணுங்க."

பெரியவரும் சும்மா இருக்கவில்லை. எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று, பை வைக்கிற இடத்தைக் குறித்துவர ஒரு நர்ஸை அனுப்பினார். அவர் டீச்சரை உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி, வயிற்றின் இடது பக்கம், மடிப்பு விழாத இடமாகப் பார்த்து, அழியாத மார்க்கர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அதன் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டரும் ஒட்டினார். ரிசல்ட் வரும்வரை அழிக்கக் கூடாது என்று உத்தரவு. முறைப்படி அது சரிதான், நானே மறுக்க மாட்டேன். டீச்சர் குனிந்து அந்தக் குறியைப் பார்த்துவிட்டுச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வேலை காலையில் ஆரம்பித்தது. எங்கள் அறையில் விளக்கை அணைத்துவிடுவோம், திரை வெளிச்சம் மட்டும்தான். அண்ணி படியில் ஏறி நின்றார். மூலையில் அண்ணன். வரச் சொன்னது அண்ணி, தொடக்கூடாது என்று சொன்னதும் அண்ணி. முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. புற்றைச் சுற்றிப் புள்ளி வைத்தார், நீலம் ஏற்றினார், ஓரத்தைச் சுற்றி வெட்டினார். திரையில் நீலம் நீலமாக விரிந்துகொண்டே போனது. பிறகு நடுவுக்கு வந்ததும் நீலம் நின்றுபோனது. தார் ஊற்றியது போலக் கறுப்பு. ஊசியால் திரவம் ஏற்றினால் பக்கவாட்டில் வழிந்து வெளியே வந்தது.

கத்தியை இயக்கும் பெடலிலிருந்து அண்ணி காலை எடுத்துவிட்டார். கத்தி நின்றது. என் மானிட்டரின் சத்தம் மட்டும் கேட்டது. இது வெறும் மையா, மைக்குள் ஒளிந்துகொண்டு புற்றே சதையைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். புற்றாக இருந்தால் நிறுத்திவிடுவார். அந்த அம்மாவின் வயிற்றிலிருந்த குறி என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அப்போது பார்த்துக் கதவு திறந்தது. பெரியவர். "போதும்மா. ஆபரேஷன் தியேட்டர் காலியாத்தான் இருக்கு. அனுப்பி வைங்க."

அண்ணி திரும்பவில்லை. நான் திரும்பினேன். "சார், என் பேஷன்ட் நல்லா இருக்காங்க. கதவச் சாத்துங்க, ஸ்கிரீன்ல வெளிச்சம் அடிக்குது."

அவரிடம் அப்படிப் பேசியவள் நான்தானா என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். அவர் கதவைச் சாத்தினார். ஆனால் உள்ளே நின்றுகொண்டு சாத்தினார்.

அண்ணி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, கறுப்பின் ஓரத்தைக் குழாய் நுனியால் லேசாக உந்திப் பார்த்தார். "புற்றா இருந்தா கீழ இருக்குற சதையக் கூடாரம் மாதிரி மேல இழுக்கும். இது இழுக்கல. சும்மா ஒட்டிக்கிட்டிருக்கு," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, அண்ணனிடம்தான் என்று நினைக்கிறேன். "அவங்கள மறுபக்கம் திருப்பிப் படுக்க வைங்க."

மயக்கத்தில் இருக்கும் ஆளைப் புரட்டுவது லேசான வேலை இல்லை, அதுவும் அந்தத் தோளோடு. நான் தலையையும் மூச்சுக்கு வைத்த குழாயையும் பிடித்துக்கொள்ள, சிஸ்டர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினார்கள். திருப்பியதும் உரித்த துண்டு தன் கனத்தாலேயே கீழே தொங்கியது. கறுப்பு இருந்த இடம் விலகித் தெரிந்தது. அண்ணி அதை நேராகத் தொடாமல் இரண்டு பக்கமும் நீலம் இருக்கிற இடத்திலிருந்து நெருங்கி வந்தார். கடைசியில் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் மிஞ்சியது. அதையும் சதையை ஒட்டியே, இழை இழையாக அறுத்தார். ஓர் இடத்தில் சதையில் மயிரிழை அளவு கீறல் விழுந்தது. பெரியவர் ஓர் அடி முன்னால் வந்தார். அண்ணி ஒரு கிளிப்பை விட்டு அதை மூடிவிட்டு, "பாத்துட்டேன் சார்," என்று மட்டும் சொன்னார்.

துண்டு முழுசாக வெளியே வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ போய்விட்டது. அண்ணி படியிலிருந்து இறங்கினார். பலகையையும் ஊசியையும் கேட்டார். பலகை நகர்ந்து முதல் ஊசியே வழுக்கி விழுந்தது. அண்ணன் மூலையிலிருந்து வந்தார். ஊசியைத் தொடவில்லை, பலகையை மட்டும் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணி குத்தி முடித்தார். பெரியவர் எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை.

பிறகு காத்திருப்பு. வீட்டில் யாரும் யாரிடமும் சண்டைகூடப் போடவில்லை. அண்ணி சமையலில் இரண்டு தடவை உப்புப் போட்டார், அண்ணன் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

அடுத்த கூட்டத்தில் பரிசோதனைக்கூட டாக்டர் எழுந்து சொன்னார். ஓரம் முழுக்கச் சுத்தம். அடியும் சுத்தம். ஆழம் போகவில்லை. ரத்தக் குழாயிலும் இல்லை. இனி ஆபரேஷன் தேவையில்லை, அவ்வப்போது குழாய் விட்டுச் சோதித்துக்கொண்டிருந்தால் போதும். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்தார். "அதிர்ஷ்டம்மா உங்களுக்கு."

"ஆமா சார். அடுத்த அதிர்ஷ்டம் வெள்ளிக்கிழமை காலையில இருக்கு. ஆரம்பத்துல இருந்தே வந்து நில்லுங்க, பாதியில வந்தா கதவு வெளிச்சம் அடிக்குது," என்றார் அண்ணி.

டீச்சர் வெளியே காத்திருந்தார். உள்ளே கூப்பிட்டு அண்ணி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கத்தவில்லை, கும்பிடவில்லை. இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் குண்டூசி குத்திய துண்டின் படத்தைக் காட்டச் சொன்னார். தீப்பெட்டி அளவுக்கு ஒன்று, நடுவில் கறுப்பு, சுற்றிலும் ஊசி. வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கா என் பின்பக்கத்தையே தைச்சு மூடப் பாத்தாங்க?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து சட்டை ஓரத்தை உயர்த்திப் பிளாஸ்டரை ஒரே இழுப்பில் பிய்த்தார். குறி அப்படியே இருந்தது.

"இத அழிக்கலாமா இப்போ?"

அண்ணி ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். "நீங்க அழிச்சு விடுங்க." அண்ணன் வாங்கிக்கொண்டு குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

டீச்சர் அவர் கையிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார். "குடுங்க டாக்டர். உங்கள இனிமே மை பக்கமே விடக்கூடாது."

அந்த மார்க்கர் லேசில் போகிற ரகம் இல்லை. தோல் சிவக்கச் சிவக்க, கடைசிக் கோடு போகும்வரை, அவரே நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்.